போர்ச்சில் வளர்ந்த கார்

காரை வாங்குகிறவனுக்கு அதில் முதல் கீறல் விழும்வரைதான் சந்தோஷம். காரைத் தானே கட்டுகிறவனுக்கு அந்தக் கவலையே கிடையாது. கீறல் விழ வேண்டுமென்றால் முதலில் கதவு என்று ஒன்று இருக்க வேண்டும். என் காருக்குக் கதவு வந்தது ஏழாவது வருடத்தில். அதுவரை நான் மிக நிம்மதியான மனிதனாக இருந்தேன். என் மனைவி மல்லிகாவைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது.

கிள்ளானில் எங்களுக்கு ஒரு வரிசை வீடு இருக்கிறது. ரோட்டை ஒட்டி கேட், கேட்டுக்குப் பின்னால் ஒரு கார் நிற்கிற அளவுக்குப் போர்ச், போர்ச்சிலிருந்து ஒரு படி ஏறினால் அகலமான கண்ணாடிக் கதவு, அதற்குள்ளே ஹால். இந்த நாட்டில் பாதிப் பேர் குடியிருக்கிற அதே வீடுதான். மற்றவர்கள் போர்ச்சில் கார் நிறுத்துவார்கள். நான் அங்கே கார் கட்ட ஆரம்பித்தேன். மகள் யாழினி அப்போது தமிழ்ப்பள்ளியில் ஒன்றாம் ஆண்டு. “அவ ரெண்டாம் ஆண்டு போறதுக்குள்ள நம்ம மூணு பேரும் இதுல ஊர் சுத்தலாம்” என்று மல்லிகாவிடம் சொன்னேன். (அது இரண்டு பேர் மட்டுமே உட்காரக்கூடிய கார். அந்தச் சின்னக் கணக்குக்கூட அன்றைக்கு எனக்குத் தோன்றவில்லை.) யாழினி இப்போது கல்லூரிக்குப் போகிறாள். லைசென்ஸும் எடுத்துவிட்டாள்.

உனக்கு மெக்கானிக் வேலை தெரியுமா என்று கேட்பீர்கள். தெரியாது. போர்ட் கிள்ளானில் கப்பல் சரக்குகளுக்குச் சுங்கப் பத்திரம் தயாரிப்பது என் உத்தியோகம். என் உடம்பில் எண்ணெய் பட்டதெல்லாம் தீபாவளிக் காலைகளில்தான். ஆனால் ஒரு சனிக்கிழமை, எங்கோ குளிர்நாட்டில் ஒரு மனிதர் தன் கொட்டகையிலேயே சின்னத் திறந்த கார் ஒன்றைக் கட்டி, கழுத்துத் துணி பறக்க மலைப்பாதையில் ஓட்டிப் போவதைக் கைப்பேசியில் பார்த்துவிட்டேன். அன்று மத்தியானம் மல்லிகா வைத்த மீன்கறி என் வாயில் ருசிக்கவே இல்லை. கழுத்துத் துணி மட்டும் கண்ணுக்குள் பறந்துகொண்டே இருந்தது. (இந்த வெயிலில் கழுத்தில் துணி சுற்றினால் என்ன ஆகும் என்று யோசிக்கிற நிலையில் நான் இல்லை.)

ரவாங் பக்கம் ஒரு ஹாஃப்கட் கடை உண்டு. ஜப்பானில் ஓடிக் களைத்த கார்களை நடுவில் அறுத்து, மூக்குப் பாதி தனியாக, வால் பாதி தனியாக அடுக்கி வைத்திருப்பார்கள். ஒரு மூக்கிலிருந்து என்ஜினும் கியர்பெட்டியும் எடுத்தேன். இன்னொரு பழைய வேனின் வாலிலிருந்து பின் ஆக்சல், அதாவது இரண்டு பின்சக்கரங்களையும் சேர்த்துச் சுழற்றுகிற அந்தக் குறுக்குக் குழாய். வெல்டிங் கற்றுக்கொண்டேன். முதல் வருடம் நான் ஒட்டவைத்தது எதுவும் ஒட்டி நிற்கவில்லை, என் காலணியும் தரையும் தவிர. ஆனாலும் மனம் தளரவில்லை. சட்டம் வந்தது, அலுமினியத் தகடு வந்தது, ஸ்டியரிங் வந்தது. யாராவது கேட்டால், “நல்லா போய்க்கிட்டிருக்கு” என்பேன். கார் ஓர் அங்குலம்கூட நகர்ந்ததில்லை.

உண்மையைச் சொன்னால், அந்த வருடங்களை நான் கார் கட்டுவதில் கழித்ததைவிடக் காரில் உட்கார்ந்து கழித்ததுதான் அதிகம். இருக்கை வருவதற்கு முன்னால், காப்பிக் கடையில் இருக்குமே, அந்த மாதிரி சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றின் காலை வெட்டி, சட்டத்தின் மேல் வைத்திருந்தேன். வேலையிலிருந்து வந்து குளித்துவிட்டுச் சாரத்தோடு அதில் உட்கார்ந்து ஸ்டியரிங்கைப் பிடித்தால் போதும். போர்ச் மெல்லக் கரைந்துவிடும். ஃபெடரல் ஹைவேயில் நெரிசலே இல்லாமல் போவேன். (கனவு என்றால் அந்த அளவுக்காவது இருக்க வேண்டாமா?) அங்கிருந்து கோலசிலாங்கூர் வழியாகக் கடலோரம். ஒரு பக்கம் வயல், இன்னொரு பக்கம் சேறும் கண்டல் மரமும், முகத்தில் உப்புக்காற்று. மேலே தகரக் கூரையில் மழை விழுந்தால் இன்னும் விசேஷம். கண்ணை மூடாமலே தைப்பிங்வரை போய்விடுவேன்.

சில ஞாயிற்றுக்கிழமைகளில் மல்லிகாவும் இன்னொரு நாற்காலியைப் பக்கத்தில் இழுத்துப்போட்டு, மடியில் தட்டு வைத்துச் சின்ன வெங்காயம் உரிப்பாள்.

“எங்க போய்க்கிட்டிருக்கோம்?”

“கோலசிலாங்கூர்.”

“வேணாங்க, அங்க ஒரே வெக்கை. கேமரன் மலைக்குத் திருப்புங்க.”

திருப்புவேன். சொன்னால் நம்பமாட்டீர்கள், கொஞ்ச நேரத்தில் அவள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொள்வாள்.

அப்படி ஒரு மழை நாளில்தான் அந்தப் பின் ஆக்சலை மாட்டினேன். வேனில் அது உட்கார்ந்திருந்த தாங்கிகளை அறுத்துவிட்டு, என் காருக்கு ஏற்றபடி புதிய தாங்கிகளை நானே பற்றவைத்தேன். குழாய் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருந்தது. எது மேல், எது கீழ் என்று பார்க்க வேண்டிய நேரத்தில் நான் மனத்தளவில் தைப்பிங் ஏரிக்கரையில் இருந்தேன்.

சில மாதம் கழித்து என்ஜின் உயிர் பிடித்தது. காரை முட்டுக்கட்டைகளின் மேல் தூக்கி நிறுத்தி, சக்கரங்கள் காற்றில் தொங்க, முதல் கியர் போட்டு கிளட்சை விட்டேன். பின்சக்கரங்கள் சுழன்றன! மல்லிகா பக்கவாட்டில் நின்று பார்த்தாள். அவள் கண் கலங்கிவிட்டது. பிறகு கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள்.

“என்னங்க, இது இந்தப் பக்கமாவா சுத்தணும்?”

நான் இருக்கையிலிருந்தே சிரித்தேன். அந்தச் சிரிப்பை இன்றைக்கு நினைத்தாலும் என் கன்னத்தில் நானே ஒன்று வைக்கலாம் போலிருக்கிறது.

“டிவியில பாத்ததில்லையா நீ? கார் முன்னால போறப்போ சக்கரம் பின்னால சுத்துற மாதிரி தெரியும். கண்ணோட ஏமாத்து வேலை, மல்லிகா.”

அவள் மருத்துவமனையில் நர்ஸ். ரத்தக்குழாயை ஒரே குத்தில் கண்டுபிடிக்கிற கண் அவளுடையது. ஆனால் வீட்டில் கார் கட்டுகிறவன் நான். அவள் தலையாட்டிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

கார் முடிகிற நிலைக்கு வந்தது. அதே சமயம் மல்லிகாவின் பொறுமையும் முடிகிற நிலைக்கு வந்தது. இத்தனை வருடமும் அவளுடைய கார் ரோட்டோரத்தில்தான் நின்றது. மழை பெய்யும்போது வேலை முடிந்து வந்தால், காரிலிருந்து இறங்கிக் கேட்டைத் திறந்து வீட்டுக்குள் வருவதற்குள் முழுக்க நனைந்துவிடுவாள். அந்த மழைக்காலத்தில் ஒரு சாயங்காலம், வெள்ளைச் சீருடை உடம்போடு ஒட்ட, தண்ணீர் சொட்டச் சொட்ட வந்து என் காருக்கு முன்னால் நின்றாள். நான் நனையாமல் இருக்கையில் உட்கார்ந்து பினாங்குப் பாலத்தைத் தாண்டிக்கொண்டிருந்தேன்.

“தீபாவளிக்குள்ள இது தன் சொந்த பலத்துல இந்த கேட்டைத் தாண்டணும்” என்றாள். குரல் உயரவில்லை. அதுதான் பயமாக இருந்தது. “இல்லன்னா சூராட் காபார் லாமா லோரியை நானே கூப்பிடுவேன்.”

பழைய பேப்பர், பழைய இரும்பு வாங்க ஒலிபெருக்கி வைத்துக்கொண்டு எங்கள் குடியிருப்புத் தாமானைச் சுற்றி வருகிற லோரி அது. என் வாழ்க்கையின் சிறந்த சாயங்காலங்கள் எல்லாம், ஒரு துருப்பிடித்த சைக்கிளுக்கும் ஓர் உடைந்த ஃபிரிட்ஜுக்கும் நடுவில் ஏறிப் போகிற காட்சி கண்ணுக்கு முன்னால் வந்தது. ராத்திரி பகல் பாராமல் திருகினேன், பூசினேன், துடைத்தேன். தீபாவளிக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை கார் தயார்.

இங்கேதான் உலகத்தில் வேறு எந்தக் கார் கட்டுகிறவனும் செய்யாத காரியத்தை நான் செய்தேன். மற்றவர்கள் முதலில் ஓட்டிப் பார்ப்பார்கள். எங்கள் குடும்பத்தில், புது வண்டியின் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்துப் பூஜை போடாமல் ஓர் அடிகூட நகர்த்தக்கூடாது. மல்லிகாவின் அண்ணன் சேகர் மச்சான் இதில் மிகவும் கண்டிப்பு.

“கொஞ்சம் முன்ன பின்ன உருட்டிப் பாத்துக்கிறேனே மச்சான்” என்று கெஞ்சினேன்.

“பூஜை போடாம உருட்டுவீங்களா? நல்லா இருக்கு மாப்பிள்ளே! பதினோரு வருஷம் பொறுத்தீங்க, பத்து மணிக்கு ஐயர் வந்துருவாரு லா.”

கோயிலுக்கு ஓட்டிப்போக வழியில்லை. பதிவு எண் இல்லாத வண்டி. அதனால் ஐயரே வீட்டுக்கு வந்தார். தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்திருக்கிற இளைஞர். காரைச் சுற்றி வந்து, கூரை இல்லாததைப் பார்த்து, கொஞ்சம் யோசித்து, “வண்டி நம்பர் சொல்லுங்கோ, சங்கல்பம் பண்ணணும்” என்றார்.

நான் விழித்தேன். சேகர் மச்சான்தான், “வீட்டு நம்பரைச் சொல்லிருங்க சாமி, அது இத்தனை வருஷமா இங்கதானே குடியிருக்கு” என்று காப்பாற்றினார். எங்கள் வீட்டு எண்ணுக்கு அர்ச்சனை நடந்தது. நான்கு சக்கரத்துக்கும் முன்னால் நான்கு எலுமிச்சம்பழம் வைத்தார்கள். மூக்குக்குச் சாமந்தி மாலை, ஸ்டியரிங்குக்குச் சந்தனப் பொட்டு.

காரின் மூக்கு கேட்டைப் பார்த்து நின்றது, வால் ஹாலைப் பார்த்து. நல்ல காரியம் என்று ஹாலின் கண்ணாடிக் கதவை இரண்டு பக்கமும் அகலத் திறந்து வைத்திருந்தாள் மல்லிகா. உள்ளே, காற்றுப்படட்டும் என்று, நீளமேசையில் பேப்பர் விரித்துத் தீபாவளி முறுக்கு ஆறிக்கொண்டிருந்தது. லீவு போட்டுப் பிழிந்த முறுக்கு. பாதி முறுக்கு, சிவப்பு மூடி போட்ட டப்பாக்களில் ஏறி அதே மேசையின் ஓரத்தில் அடுக்கப்பட்டிருந்தது.

“எல்லாரும் வெளிய வாங்க, முன்னால வழி விடுங்க!” என்று சேகர் மச்சான் சத்தம் போட்டார். யாழினி கைப்பேசியை உயர்த்திக்கொண்டு ரோட்டில் நின்றாள். பக்கத்து வீட்டு அங்கிள் லிம் சைக்கிளோடு நின்றார். மல்லிகா கேட்டுக்கு வெளியே கைகட்டி நின்றாள். காருக்குப் பின்னால் ஒரு ஜீவன் கிடையாது. கடவுள் அந்த அளவுக்குக் கருணை காட்டினார்.

ஐயர் கையசைத்தார். முதல் கியர் போட்டேன். கடலோரச் சாலை கண்ணுக்கு முன்னால் விரிந்தது. கிளட்சை விட்டேன்.

கேட் என்னைவிட்டு விலகிப் போனது.

அது எப்படி விலகும் என்று நான் யோசித்தேன். அந்த யோசனைக்கே நேரம் போய்விட்டது. அத்தனை பேரும் சிறிதாகிக்கொண்டே போனார்கள், யாரோ என்னை ரயிலில் ஏற்றி அனுப்புகிற மாதிரி. பின்சக்கரம் படியில் முட்டியது, தயங்கியது, ஏறியது. என் தலைக்குப் பின்னால் மேசை சாய்கிற சத்தமும், கண்ணாடி விரிசல் விடுகிற சத்தமும், அதற்குப் பிறகு நீளமாக, நிதானமாக, நொறுநொறுவென்று ஒரு சத்தமும் கேட்டன. கல்யாணப் பந்தலில் எல்லோரும் ஒரே நேரத்தில் முறுக்கு கடித்தால் அப்படி இருக்கும். ஏதோ ஞாபகம் வந்து பிரேக்கை அழுத்தினேன். என்ஜின் நின்றது.

மேலே சீலிங் ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. (அது சரியான பக்கம்தான் சுற்றியது.) காரின் பாதி ஹாலில், பாதி போர்ச்சில். போர்ச்சின் தரையில் நான்கு எலுமிச்சம்பழமும் ஒரு சிராய்ப்புகூட இல்லாமல் மஞ்சளாக உட்கார்ந்திருந்தன. இத்தனை வருடம் நான் போன எந்தப் பயணத்திலும் வழியில் என் வீட்டு ஹால் வந்ததில்லை.

முதலில் பேசியவர் அங்கிள் லிம். “கோஸ்தான் பவர் லா, பாஸ்!” என்றார், உண்மையான மரியாதையோடு. ரிவர்ஸ் எடுப்பதை இங்கே எல்லா இனத்தவரும் கோஸ்தான் என்றுதான் சொல்வோம்.

மல்லிகா படியருகே வந்து நின்றாள். முறுக்கைப் பார்த்தாள். கண்ணாடியைப் பார்த்தாள். கடைசியில் என்னைப் பார்த்தாள்.

“அன்னிக்கே கேட்டேன்.”

அவ்வளவுதான் சொன்னாள். எனக்கு அந்த நொடியில் எல்லாம் விளங்கிவிட்டது. ஆக்சல் தலைகீழாக உட்கார்ந்து, என்ஜின் தருகிற சுழற்சியை எதிர்ப்பக்கம் திருப்பிவிடுகிறது. சக்கரம் உண்மையிலேயே பின்பக்கமாகத்தான் சுழன்றது. கண் ஏமாற்றவில்லை, நான்தான் ஏமாற்றினேன். என் காருக்கு இப்போது பின்னால் போக நான்கு கியர். முன்னால் போக ஒன்றே ஒன்று.

அவள் கை தோளில் தொங்கிய கைப்பையைத் துழாவியது. லோரிக்காரன் எண்தான் என்று நினைத்தேன். என்ஜினை மறுபடி உயிர்ப்பித்து, கோஸ்தான் கியரைப் போட்டு, எனக்குத் தெரிந்த தெய்வங்களையெல்லாம் கூப்பிட்டுக்கொண்டு கிளட்சை விட்டேன்.

கார் முன்னால் போனது. மெதுவாக, மாசமான பெண் படி இறங்குகிற பதவிசோடு, ஹாலிலிருந்து இறங்கியது. சக்கரங்கள் எலுமிச்சம்பழத்தின் மேல் ஏறின. நான்கும் நசுங்கின. இவ்வளவு நேரமும் தேங்காயோடு அசையாமல் நின்ற ஐயர், “ஆங், இப்போ சரி” என்று அதை உடைத்தார். கார் கேட்டைத் தாண்டியது. ரோட்டில் போய் நின்றது. சொந்த பலத்தில்.

யாரும் கைதட்டவில்லை. எல்லோரும் மல்லிகாவைப் பார்த்தார்கள். அவள் கைப்பையிலிருந்து எடுத்தது கைப்பேசி அல்ல, கார் சாவி. ரோட்டோரத்தில் நின்ற தன் காரில் ஏறினாள், ஒரு வளைவு வளைத்தாள், காலியாக இருந்த போர்ச்சுக்குள் நேராகக் கொண்டுபோய் நிறுத்தினாள். இறங்கினாள். கேட்டைச் சாத்தினாள். நான் ரோட்டில் இருந்தேன், மாலை போட்ட காரில், வெளியே.

அந்த நேரம் பார்த்து மழை பிடித்துக்கொண்டது. கூட்டம் வீட்டுக்குள் ஓடியது. கூரையில்லாத காரை விட்டுவிட்டு ஓட எனக்கு மனம் வரவில்லை. மல்லிகா போர்ச்சில் தன் காருக்குப் பக்கத்தில் நின்று மழையைப் பார்த்தாள். அவள் மேல் ஒரு துளி விழவில்லை. கையை நீட்டிப் பார்த்தாள், மறுபடி இழுத்துக்கொண்டாள். அவள் முகத்தில் அப்படி ஒரு நிறைவை நான் அதுவரை பார்த்ததே இல்லை. என் நெஞ்சில் குற்றவுணர்வு சுருக்கென்று குத்தியது. நான் ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டிருந்தபோது இவள் தினம் நனைந்து வந்திருக்கிறாள்.

கொஞ்ச நேரம் கழித்துக் குடையோடு வெளியே வந்து, பக்கத்து இருக்கையில் ஏறி உட்கார்ந்தாள்.

“இது முன்னால போகும்ல?”

“போகும். கோஸ்தான்ல மட்டும்.”

“பரவால்ல, ஓட்டுங்க. ரோட்டு முனைவரைக்கும்.”

ஓட்டினேன். ஒரே குடையின் கீழ், கோஸ்தான் கியரில், முன்னோக்கி. அங்கிள் லிம் சைக்கிளில் எங்களைத் தாண்டிப் போய்விட்டார். ஒவ்வொரு வீட்டு விளக்கும், ஒவ்வொரு பூச்சட்டியும் சாவகாசமாக வந்து, நின்று, போயின. கேமரன் மலைகூட இவ்வளவு குளிராக இருந்ததில்லை.

அடுத்த வாரம் சேகர் மச்சான் ஒரு லோரி பிடித்து, ஜெஞ்சாரோமில் இருக்கிற தன் செம்பனைத் தோட்டத்துக் கொட்டகைக்குக் காரைக் கொண்டுபோனார். சொந்த நிலம், யாரும் கேட்கமாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் அங்கே போகிறோம். மரங்களுக்கு நடுவில் செம்மண் பாதையில், கொக்குகள்கூடப் பயந்து எழாத வேகத்தில் போய் வருவோம். ஆக்சலைக் கழற்றித் திருப்பி மாட்டிவிடுகிறேன் என்று பலமுறை சொல்லிவிட்டேன். மல்லிகா விடுவதில்லை. “திருப்பினா வேகமாப் போவும். போய்?” என்று கேட்கிறாள்.

அந்தத் தீபாவளிக்கு நொறுங்கிய முறுக்கைத்தான் எல்லோருக்கும் கிண்ணத்தில் போட்டு, கரண்டியோடு கொடுத்தோம். அதிலிருந்து எங்கள் சொந்தத்தில் யார் வந்தாலும், முறுக்கை எடுத்து வாயில் வைப்பதற்கு முன்னால் ஒரு கேள்வி உண்டு. பிரிக்பீல்ட்ஸிலிருந்து வருகிற சித்தி பேத்தி வரைக்கும் கேட்கிறது. போன தீபாவளிக்கும் சேகர் மச்சான் தட்டிலிருந்து ஒன்றை எடுத்து, ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“தங்கச்சி, இது கார் ஏறினதா, ஏறாததா?”

“ஏறாததுண்ணே. ஏறினது அப்பவே தீந்துபோச்சு” என்றாள் மல்லிகா. “இனி அது வேணும்னா இவரு இன்னொரு கார் கட்டினாத்தான்.”

வீடே சிரித்தது. நானும் தட்டைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். ஆனால் இன்னொரு கார் என்ற வார்த்தை எங்கோ உள்ளே போய் உட்கார்ந்துவிட்டது. இந்தமுறை நான்கு பேர் உட்காருகிற மாதிரி. கூரையோடு. மழைக்காலத்தில் கிழக்குக்கரைப் பக்கம்... நான் வாயே திறக்கவில்லை. தட்டை மேசையில் வைக்கத்தான் திரும்பினேன்.

“போர்ச்சுல இடமில்ல” என்றாள் மல்லிகா.